பூட்டிய அறையும் திறந்த அறையும்: இரண்டு பழைய கேமராக்களின் வரலாறு



இன்று கொஞ்சம் நீளமான பதிவு. கேமராவைப் பற்றியதுதான் என்றாலும், கேமரா வாங்கும் எண்ணமே இல்லாதவர்களும் படிக்கலாம். புதிதாக ஒரு தொழிலையோ கலையையோ கற்க வருகிறவர் கையில் எதைக் கொடுக்க வேண்டும், எதைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. வகுப்பறையில் நின்ற எல்லோருக்கும் அது பழகிய கேள்வி.

கடைகளில் "என்ட்ரி லெவல்" என்று ஒரு சொல் புழங்குகிறது. ஆரம்ப நிலைக்காரருக்கு உரியது என்று பொருள். டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் அந்தச் சொல்லுக்கு உயிர் கொடுத்தவை இரண்டு: 2003இல் வந்த கேனான் 300டி, 2004இல் வந்த நிக்கான் டி70. இன்று இரண்டுமே பழைய சாமான்கள். உங்கள் கைப்பேசியில் உள்ள மெகாபிக்சல் கணக்கில் எட்டில் ஒரு பங்குகூட இவற்றில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் சாமானியர் கைக்கு இந்த வகைக் கேமரா வந்து சேர்ந்த கதை இவற்றிலிருந்துதான் தொடங்குகிறது.

*முன்கதை*

டிஎஸ்எல்ஆர் என்பது என்ன? லென்ஸ் வழியாக வரும் ஒளியை உள்ளே சாய்வாக நிற்கும் ஒரு கண்ணாடி மேலே திருப்பிவிடும். நாம் கண் வைத்துப் பார்க்கும் துளையில் தெரிவது லென்ஸ் பார்ப்பதேதான். பொத்தானை அமுக்கினால் கண்ணாடி மேலே எழும்பும், ஷட்டர் திறக்கும், ஒளி பின்னால் போய் விழும். பழைய எஸ்எல்ஆரில் அது பிலிம் மேல் விழுந்தது. இதில் சென்சார் என்ற மின்தகட்டின் மேல் விழுகிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

அந்த "அவ்வளவுதான்" நிறைவேற முப்பது ஆண்டுகள் ஆயின. 1975இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்து காட்டினார். எடை 3.6 கிலோ. ஒரு படத்தை கேசட் நாடாவில் பதிய 23 விநாடி ஆயிற்று. படத்தில் இருந்த புள்ளிகள் 10,000 மட்டுமே. 1991இல் அதே கோடாக், நிக்கான் எஃப்3 பிலிம் கேமராவின் உடலில் 1.3 மெகாபிக்சல் சென்சாரைப் பொருத்தி விற்றது. படங்களைச் சேமிக்கத் தோளில் தனிப் பெட்டி ஒன்றைத் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும். விலை 20,000 டாலருக்கு மேல். பத்திரிகை நிறுவனங்கள்தான் வாங்க முடிந்தது.

1999இல் நிக்கான் தானே வடிவமைத்த டி1 வந்தது. 2.7 மெகாபிக்சல், 5,000 டாலருக்கு மேல். 2000இல் கேனான் டி30, 3.1 மெகாபிக்சல், ஏறக்குறைய 3,000 டாலர். 2002இல் நிக்கான் டி100, 6 மெகாபிக்சல், 2,000 டாலர். 2003 தொடக்கத்தில் கேனான் 10டி, 1,500 டாலர். விலை படிப்படியாக இறங்குவதைக் கவனியுங்கள். ஆயினும் ஆயிரம் டாலர் என்ற கோட்டை யாரும் தாண்டி வரவில்லை. பிள்ளைகளின் பிறந்தநாளைப் படம் எடுக்க விரும்பும் ஒரு தாயோ தந்தையோ இந்த விலை கொடுத்து வாங்கமாட்டார்கள்.

*இரு நிறுவனங்கள், ஒரு பழைய உறவு*

கேனானும் நிக்கானும் பரம்பரைப் போட்டியாளர்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தொடக்கத்தில் அப்படி இல்லை. நிப்பான் கோகாகு என்ற பெயரில் 1917இல் தொடங்கிய ஒளியியல் நிறுவனமே பிற்காலத்தில் நிக்கான் ஆயிற்று. 1933இல் டோக்கியோவில் ஒரு சிறு பணிமனையாகத் தொடங்கியது கேனான். 1936இல் கேனான் விற்பனைக்கு விட்ட முதல் கேமராவுக்கு லென்ஸ் செய்யும் வசதி அவர்களிடம் இல்லை. அந்த லென்ஸைச் செய்து கொடுத்தது நிப்பான் கோகாகு. அதாவது முதல் கேனான் கேமரா உலகைப் பார்த்தது நிக்கான் கண் வழியாக! நிக்கான் தன் பெயரில் கேமரா விற்கத் தொடங்கியதோ 1948இல்தான்.

தமிழ் படித்தவர்களுக்கு இன்னொரு செய்தி. கேனானின் முதல் மாதிரிக் கேமராவுக்கு இட்ட பெயர் "க்வானான்". ஜப்பானியர் வணங்கும் கருணைத் தெய்வமான கன்னோனின் பெயர் அது. அந்தத் தெய்வம் வேறு யாருமில்லை, பௌத்தத்தின் அவலோகிதரே. அந்த அவலோகிதரிடம்தான் அகத்தியர் தமிழ் கற்றார் என்று நம் வீரசோழியம் சொல்கிறது. கேனான் என்ற சொல் எங்கே தொடங்கி எங்கே தொடுகிறது பாருங்கள்.

சரி, கதைக்கு வருவோம்.

*ஆகஸ்ட் 2003: விலை என்ற கதவு திறந்தது*

அந்த மாதம் கேனான் 300டியை அறிவித்தது. அமெரிக்காவில் இதற்கு டிஜிட்டல் ரெபெல் என்று பெயர். ஜப்பானில் கிஸ் டிஜிட்டல். 1993 முதல் குடும்பத்தாருக்கென்றே விற்றுவந்த கிஸ் பிலிம் கேமரா வரிசையின் பெயர் அது. யாருக்காகச் செய்தார்கள் என்பது பெயரிலேயே தெரிகிறது. உடல் மட்டும் 899 டாலர், 18-55 லென்ஸோடு 999 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 45,000 ரூபாய். ஆயிரம் டாலர் கோட்டைத் தாண்டி இறங்கி வந்த முதல் டிஎஸ்எல்ஆர் இதுதான்.

எப்படி முடிந்தது? முதலில், சென்சார். கேனான் தனக்கு வேண்டிய சீமாஸ் வகைச் சென்சாரைத் தானே செய்துகொண்டது. 1,500 டாலர் 10டியில் இருந்த அதே 6.3 மெகாபிக்சல் சென்சார்தான் 300டியிலும் இருந்தது. இரண்டாவது, உடல். 10டிக்கு மக்னீசியக் கலவை உடல். இதற்கு வெள்ளி நிறப் பிளாஸ்டிக். பார்க்கும் துளைக்குள் கனமான கண்ணாடிப் பட்டகத்துக்குப் பதிலாக, சிறு கண்ணாடித் தகடுகளைச் சேர்த்த அமைப்பு. விலையும் எடையும் குறைந்தன. மூன்றாவது, லென்ஸ். பிலிமைவிடச் சென்சார் சிறியது என்பதால், அதற்கேற்ற சிறிய, மலிவான லென்ஸை இஎஃப்-எஸ் என்ற புது அமைப்பில் செய்தார்கள். அது 10டியில்கூடப் பொருந்தாது. அன்றைக்கு 300டிக்கு மட்டுமே உரியது.

இதுவரை எல்லாம் நியாயமான சிக்கனம். நான்காவது காரியம்தான் வேறு மாதிரி.

*உள்ளே பூட்டிய அறைகள்*

உள்ளே இயங்கும் கட்டளை நிரலில் கேனான் சில வசதிகளை மூடி வைத்தது. ஃபோகஸ் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று நாம் சொல்ல முடியாது. ஓடும் பொருளை ஃபோகஸ் விடாமல் பின்தொடரும் முறை கேமராவில் இருந்தது. ஆனால் "விளையாட்டு" என்ற தானியங்கி முறையில் மட்டுமே அது வரும். ஒளியை அளக்கும் முறையையும் விருப்பம்போல் மாற்ற முடியாது. ஃபிளாஷின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இல்லை. 10டியில் இருந்த 3200 ஐஎஸ்ஓ இதில் இல்லை.

இவை உண்மையிலேயே இல்லாதவையா, இருந்தும் பூட்டப்பட்டவையா? விடை சில மாதங்களில் தெரிந்துவிட்டது. இணையத்தில் வாசியா என்ற பெயரில் அறியப்பட்ட ஒருவர் அந்த நிரலைத் திருத்தி வெளியிட்டார். அதை ஏற்றினால் 3200 ஐஎஸ்ஓ வந்தது, ஃபிளாஷ் பலத்தை மாற்ற முடிந்தது, கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்தி அதிர்வில்லாமல் படம் எடுக்கவும் முடிந்தது. புதிய பாகம் எதையும் யாரும் பொருத்தவில்லை. வாங்கியவர் வீட்டுக்குள்ளேயே இருந்த அறையின் பூட்டைத் திறந்தார்கள், அவ்வளவே.

நிறுவனத்தின் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் 899 டாலருக்குக் கொடுத்துவிட்டால் 1,500 டாலர் 10டியை யார் வாங்குவார்? வணிகக் கணக்கில் அது சரி. ஆனால் "ஆரம்ப நிலைக்காரருக்கு இது தேவையில்லை" என்று சொல்லப்பட்ட காரணத்துக்குப் பின்னால் இருந்தது அந்தக் கணக்குதான்.

*ஜனவரி 2004: நிக்கானின் பதில்*

ஐந்தே மாதத்தில் நிக்கான் டி70ஐ அறிவித்தது. உடல் 999 டாலர். 18-70 லென்ஸோடு 1,299. நூறு டாலர் கூடுதல். அந்த நூறு டாலருக்கு என்ன கிடைத்தது?

சுவிட்சைப் போட்டதும் கேமரா தயார். 0.2 விநாடி. 300டி விழித்துக்கொள்ள இரண்டு மூன்று விநாடி ஆகும். தாலி கட்டும் நேரத்தில் அந்த இரண்டு விநாடி எவ்வளவு பெரியது என்று ஸ்டுடியோக்காரர்களைக் கேளுங்கள்.

தொடர்ந்து எடுத்தால் 300டி விநாடிக்கு 2.5 படம் வீதம் நான்கு படம் எடுத்துவிட்டு மூச்சு வாங்கும். டி70 விநாடிக்கு மூன்று. மெமரி கார்டு வேகமாக இருந்தால் நிற்காமல் எடுத்துக்கொண்டே போகும்.

அதிகபட்ச ஷட்டர் வேகம் 300டியில் 1/4000 விநாடி, டி70இல் 1/8000. ஃபிளாஷ் போட்டு எடுக்கும்போது 300டியில் 1/200 வரைதான் போகலாம், டி70இல் 1/500. காரணம், டி70இன் சென்சார் சிசிடி வகை. ஒரு வேகத்துக்கு மேல் ஷட்டர் திரையை மட்டும் நம்பாமல் சென்சாரே ஒளியை எண்ணத் தொடங்கி நிறுத்தும். உச்சி வெயிலில் நிற்பவரின் கண்ணுக்குக் கீழே விழும் நிழலைப் போக்க ஃபிளாஷ் அடிப்போம் அல்லவா? அந்த வேலைக்கு இது பெரிய உதவி.

எல்லாவற்றையும்விட முக்கியம்: டி70இல் பூட்டு இல்லை. ஃபோகஸ் முறை நம் விருப்பம். ஒளி அளக்கும் முறை மூன்று. ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் முறையும் உண்டு. ஃபிளாஷ் பலம் நம் விருப்பம். விரலுக்கு ஒன்று, கட்டை விரலுக்கு ஒன்று என்று இரண்டு சுழல் சக்கரங்கள். தள்ளி வைத்திருக்கும் அதே நிறுவன ஃபிளாஷைக் கம்பியில்லாமல் இயக்கலாம். பழைய ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களைச் சுழற்ற உடலுக்குள்ளேயே மோட்டார். ஒன்றும் தெரியாதவருக்குத் தானியங்கி முறைகளும் இருந்தன. அவர் வளர வளர, அதே கேமராவுக்குள் அடுத்த அறை, அதற்கடுத்த அறை என்று திறந்தே கிடந்தன.

*நியாயமாக ஒப்பிட்டால்*

அதற்காக நிக்கான் எல்லாவற்றிலும் மேல் என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

வெளிச்சம் குறைந்த இடத்தில் 300டியின் படம் சுத்தமாக இருக்கும். ஐஎஸ்ஓவை 800, 1600 என்று ஏற்றினால் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் வரும். கேனானின் சீமாஸ் சென்சாரில் அது குறைவு. நிக்கான் வாங்கிப் பொருத்தியது சோனி செய்த 6.1 மெகாபிக்சல் சிசிடி. அதில் ஐஎஸ்ஓ 200இல்தான் தொடக்கம், கேனானில் 100. நெருக்கமான நெசவுள்ள துணியை எடுத்தால் டி70 படத்தில் அலை அலையாக ஒரு கோலம் விழும். துணியின் நெசவும் சென்சாரின் கட்டங்களும் ஒன்றோடொன்று மோதுவதால் வருவது அது. பட்டுப்புடவையும் கோட்டும் எடுப்பவருக்குத் தலைவலி. ஃபோகஸ் புள்ளிகள் கேனானில் ஏழு, நிக்கானில் ஐந்து. எடை 560 கிராமும் 595 கிராமும். கையில் பெரிய வித்தியாசம் தெரியாது.

லென்ஸ் விஷயத்தில் இரு நிறுவனங்களின் பழைய முடிவுகளும் தெரிகின்றன. நிக்கான் 1959இல் வகுத்த லென்ஸ் பொருத்தும் அமைப்பை டி70 வரையிலும் கைவிடவே இல்லை. அதனால் தாத்தா காலத்து லென்ஸ்களில் பலவும் டி70இல் மாட்டும். ஆனால் கையால் ஃபோகஸ் செய்யும் அந்தப் பழைய லென்ஸ்களுக்கு டி70 ஒளி அளந்து சொல்லாது. கேனான் 1987இல் தன் பழைய அமைப்பைத் துணிந்து கைவிட்டது. வாடிக்கையாளர்கள் கோபப்பட்டார்கள். ஆனால் புதிய அமைப்பில் ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் மோட்டார் வந்துவிட்டதால், பதினாறு ஆண்டு கழித்து மலிவான கேமரா செய்யும்போது உடலுக்குள் மோட்டார் வைக்கும் செலவே கேனானுக்கு இல்லை. 1987இல் போட்ட விதை 2003இல் காய்த்தது.

*பிறகு நடந்ததுதான் சுவாரசியம்*

பிப்ரவரி 2005இல் கேனான் 350டியைக் கொண்டுவந்தது. 8 மெகாபிக்சல், விலை ஏறக்குறைய அதே. அதில் ஃபோகஸ் முறையை நாமே தேர்ந்தெடுக்கலாம், ஒளி அளக்கும் முறையையும் தேர்ந்தெடுக்கலாம், ஃபிளாஷ் பலத்தையும் மாற்றலாம். சுவிட்சைப் போட்டால் உடனே தயார். 300டியில் மூடியிருந்த அறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பெருந்தன்மை மட்டும் அதற்குக் காரணமாகாது. பக்கத்துக் கடையில் டி70 இருந்தது.

நிக்கானோ எதிர்த் திசையில் நடந்தது. 2005 ஏப்ரலில் டி70எஸ்ஸோடு, அதைவிட மலிவான டி50. நவம்பர் 2006இல் டி40: லென்ஸோடு 599 டாலர். உடலுக்குள் இருந்த மோட்டாரை எடுத்துவிட்டார்கள். ஃபோகஸ் புள்ளிகளை மூன்றாக்கினார்கள். மேலே இருந்த சிறு தகவல் திரையும் போயிற்று. எடை 475 கிராம். ஆனால் 1/500 ஃபிளாஷ் வேகத்தை விட்டுவைத்தார்கள். ஒளி அளக்கும் முறைகளும் ஃபிளாஷ் பலமும் நம் கையில்தான். எதைக் குறைத்தாலும் கற்பவரின் வழியை அடைக்காமல் குறைப்பது எப்படி என்பதற்கு டி40 ஓர் உதாரணம்.

ஆக, கேனானிடமிருந்து நிக்கான் விலையைக் கற்றது. நிக்கானிடமிருந்து கேனான் தாராளத்தைக் கற்றது. மூன்றே ஆண்டுகளில் 899 டாலர் உடலிலிருந்து லென்ஸோடு 599 டாலருக்கு வந்துவிட்டது. இலாபம் அடைந்தவர் வாங்கியவர்.

*ஒரு ஆசிரியன் பார்வையில்*

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லித்தருவது: எளியதிலிருந்து அரியதற்குப் போ, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ. 300டியைச் செய்தவர்களும் எளியதிலிருந்து தொடங்கினார்கள். அதில் தவறில்லை. முதல் நாளே எல்லாப் பொத்தானையும் காட்டினால் பிள்ளை மிரண்டுபோவான். ஆனால் அந்த விதியின் இரண்டாம் பாதி "அரியதற்குப் போ" என்பது. எளியதைக் கொடுத்துவிட்டு அரியதற்கான வழியை அடைத்து, "மேலே போக வேண்டுமா? இன்னும் 600 டாலர் கொண்டுவா" என்றால் அது பாடத்திட்டம் ஆகாது.

அதே சமயம் எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு, உள்ளே வரவே முடியாத கட்டணம் வைத்தாலும் பயனில்லை. 2003க்கு முன்பிருந்த நல்ல கேமராக்கள் எல்லாம் அப்படித்தான் இருந்தன. வாசலைத் திறந்தது கேனான்; அறைகளைத் திறந்தது நிக்கான். இரண்டும் சேர்ந்தால்தான் பள்ளிக்கூடம்.

இதை எழுதக் காரணம் உண்டு. நம் மாணவர்களில் சிலர் ஸ்டுடியோ நடத்துகிறீர்கள். உங்களிடம் பையன்களும் பெண்களும் வேலை பழகுகிறார்கள். இந்தத் தொழிலில் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. பழக வந்தவன் லைட் பிடிப்பான், பை தூக்குவான், ஆல்பம் ஒட்டுவான். இரண்டு மூன்று வருடம் கேமராவைத் தொடமாட்டான். பிலிம் காலத்தில் அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஒரு ரோலுக்கு 36 படம்; ஒவ்வொரு பிழைக்கும் காசு. பிழை தெரிவதும் ரோலைக் கழுவிய பிறகுதான். அதற்குள் எந்த அளவில் எடுத்தோம் என்பதே மறந்துபோயிருக்கும்.

டிஜிட்டல் வந்ததும் அந்தக் காரணம் போய்விட்டது. தவறான படம் அடுத்த நொடி திரையில் தெரிகிறது. எந்த ஷட்டர் வேகம், எந்தத் துளை, எந்த ஐஎஸ்ஓ என்பதைக் கேமராவே படத்தோடு எழுதி வைக்கிறது. ஆயிரம் தவறு செய்தாலும் பைசா செலவில்லை. கற்பவனுக்கு இதைவிடப் பெரிய வரம் எது? காரணம் போன பிறகும் வழக்கத்தை வைத்திருந்தால், அது 300டியின் பூட்டு போலத்தான். "அவனுக்கு இது தேவையில்லை" என்று நாம் சொல்வதற்குப் பின்னால் "அவன் கற்றுக்கொண்டால் எதிர்க்கடை போட்டுவிடுவான்" என்ற கணக்கு இருக்கிறதா என்று அவரவர் மனத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். போடட்டுமே! எதிர்க்கடை டி70 வந்ததால்தான் கேனான் 350டி நல்ல கேமராவாக வந்தது.

*கையில் கொடுக்கும் முன்*

உங்கள் அலமாரியில் இந்தக் கேமராக்கள் தூங்கிக்கொண்டிருந்தால் எடைக்குப் போடாதீர்கள். பழகுகிறவர் கையில் கொடுங்கள். கொடுக்கும் முன் சிலவற்றைப் பாருங்கள்.

இரண்டுக்கும் காம்பாக்ட் ஃபிளாஷ் என்ற அகன்ற பழைய கார்டு வேண்டும். அது போகும் பள்ளத்துக்குள் வரிசையாக மெல்லிய ஊசிகள் இருக்கும். டார்ச் அடித்து, ஒன்றாவது வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். கார்டை ஒருபோதும் அழுத்தித் திணிக்காதீர்கள். பழைய பேட்டரி சார்ஜ் நிற்காது. புதிதாக ஒன்று வாங்குங்கள். லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்கு உள்ளே சிலந்தி வலைபோல் பூஞ்சை பிடித்திருக்கலாம். பின்பக்கத் திரை இரண்டிலுமே 1.8 அங்குலம்தான். படம் கூர்மையாக இருக்கிறதா என்று அதில் முழுவதும் தெரியாது. கணினியில் போட்டுப் பார்க்கப் பழக்குங்கள்.

இரண்டில் எது என்று கேட்டால், பழகுகிறவருக்கு டி70 என்பேன். ஃபோகஸ் முறையையும் ஒளி அளவையும் தானே முடிவு செய்யவும், அந்த முடிவின் விளைவைத் தானே பார்க்கவும் அது இடம் கொடுக்கும். 300டிதான் இருக்கிறது என்றால் அதுவும் குறைவில்லை. அதன் சக்கரத்தை "எம்" என்ற எழுத்தில் வைத்துக் கொடுங்கள். அந்த முறையில் ஷட்டரும் துளையும் கற்பவர் பொறுப்பு. அந்த அறைக்கு யாரும் பூட்டுப் போடவில்லை.

6 மெகாபிக்சல் போதுமா என்று கேட்பீர்கள். 3,000 புள்ளி அகலமும் 2,000 புள்ளி உயரமும் உள்ள படத்தை 12க்கு 8 அங்குலத் தாளில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 250 புள்ளி வரும். ஆல்பத்துக்குத் தாராளம். கணக்குப் பாடம் நடத்தியவன் சொல்கிறேன், நம்பலாம்.

உங்களிடம் பழகுகிறவர்கள் எடுத்த முதல் நல்ல படத்தை நம் குழுவில் போடுங்கள். எடுத்தவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். கடையின் பெயர் மட்டும் போதாது.

அனைவரும் நலமாக இருங்கள்.